கொம்பை அளக்கிறவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் வேண்டாததும்

எங்க மோட்டார் ரூமில் ஒரு கட்டுக் கம்பி கிடந்தது. 2024 ஐப்பசியில் வாங்கியது. ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம், மூணு ராத்திரியில் காட்டுப்பன்றி புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. நாலாம் நாள் காலையில் சத்தியமங்கலம் போய்க் கம்பி வாங்கி வந்துவிட்டேன். எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டோரத்து விவசாயி எல்லோருக்கும் அந்தக் கம்பி எதற்கு என்று தெரியும். நல்ல வேளை, வீட்டுக்காரி அதைத் தொட விடவில்லை. "யானை வந்து மாட்டினா என்ன பண்ணுவீங்க? நம்ம சின்னப் பையன் மாட்டினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லை. கம்பி அப்படியே கிடந்தது.

இயற்கை வேளாண்மை என்று மேடையில் பேசுகிற நான் இப்படி ஒரு கம்பியை வீட்டில் வைத்திருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே சொல்லப் போவதைச் சொன்னால் அது உபதேசமாகிவிடும்.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தோம். மே மாதம் போனோம், நவம்பரில் திரும்பினோம். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் மலைப்பக்கம் கன்னிசன் என்ற ஊரில் மாடு வளர்க்கிறார், தீவனப் புல் போடுகிறார். நானும் விவசாயி என்று மாப்பிள்ளை சொன்னதும் பெரியவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார். ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு கடிதத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். ஆறு வருஷம் காத்திருந்து அவருக்கு எல்க் மான் வேட்டைக்கு உரிமச் சீட்டு விழுந்திருக்கிறதாம்.

எல்க் என்றால் நம்ம ஊர்க் கடமானுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடா 300 கிலோவுக்கு மேல் வரும். கொம்பு வருஷத்துக்கு ஒருமுறை உதிர்ந்து முளைக்கும். முளைக்கிற காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரைகூட வளருமாம். நமக்குச் சோளத்தட்டு வளர்வதைப் பார்த்தால்தான் அந்த வேகம் புரியும்.

"சுடறதுக்கா இத்தனை சந்தோஷம்?" என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த ஐந்து மாதம் அந்த மனிதர் ஐந்து நாள் வேட்டைக்குத் திட்டம் போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதிலிருந்து எனக்குச் சில கருத்துகள் உண்டாயின. நம் கூட்டங்களில் "பன்றியைச் சுட அனுமதி கொடு" என்று ஒரு பக்கமும், "உயிரைக் கொல்லலாமா" என்று இன்னொரு பக்கமும் சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டைக்கு இவை உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ணுகிறார்கள்

அங்கே நினைத்தவர் நினைத்த இடத்தில் சுட முடியாது. மாநிலத்தையே வேட்டைப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி மேல் மான் தெளிவாகத் தெரியும்போது ஹெலிகாப்டரில் போய் எண்ணுகிறார்கள். பெட்டைக்கு எத்தனை கிடா, எத்தனை குட்டி என்று கணக்கெடுத்து, அந்தப் பகுதி எத்தனை மானைத் தாங்கும் என்று பார்த்துத்தான் அந்த வருஷத்துக்கு இத்தனை சீட்டு என்று முடிவு செய்கிறார்கள். ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு புள்ளி சேரும். நல்ல பகுதிகளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் புள்ளி சேர்த்துக் காத்திருக்கிறவர்களும் உண்டு. வெளிமாநிலத்துக்காரர் என்றால் கட்டணம் பத்து மடங்குக்கு மேல்.

இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 1859-ல் கொலராடோவில் தங்கம் தேடி ஜனங்கள் குவிந்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்குக் கறி விற்க மானைச் சுட்டுத் தள்ளினார்கள். ஐம்பது வருஷத்தில் எல்க் கூட்டம் அழியும் நிலைக்கு வந்தது. 1913, 1914-ல் யெல்லோஸ்டோன் பக்கமிருந்து மானைப் பிடித்து ரயிலில் ஏற்றி எஸ்டெஸ் பார்க் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இன்று கொலராடோவில் கிட்டத்தட்ட 3 லட்சம் எல்க் இருக்கிறது. அந்த நாட்டிலேயே அதிகம் அங்கேதான்.

காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சீட்டுக் கட்டணம் ஒன்று. இன்னொன்று, 1937-ல் போட்ட ஒரு சட்டம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 10, 11 சதவீதம் வரி. அந்த வரி மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்குப் போகிறது. யார் காட்டிலிருந்து எடுக்கிறானோ அவனே காட்டுக்குக் கட்டுகிறான். இது எனக்குப் பிடித்திருந்தது.

வரைபடத்தை வயல் மாதிரிப் படிக்கிறார்

ஜூலை மாதம் பூரா பெரியவரின் சமையலறை மேசையில் வரைபடம் விரித்தே கிடந்தது. சமமட்டக் கோடு போட்ட படம். நாம் வரப்பு போடுவதற்கு முன்னால் மட்டம் பார்ப்போமே, அந்தக் கோடுதான். கோடு நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமம். செங்குத்துச் சரிவின் நடுவே திண்ணை மாதிரி ஒரு சமதளம் தெரிந்தால் அங்கே பென்சிலால் வட்டம் போடுவார். மான் படுத்து அசைபோட அந்த மாதிரி இடம்தான் தேடுமாம்.

அந்தப் பூமி ஒரே மாதிரி இல்லை. கீழே 7,700 அடியில் கன்னிசன் ஊர். சுற்றிலும் வெள்ளை பூத்த மாதிரி சேஜ் புதர்க்காடு. அதற்கு மேலே ஆஸ்பென் மரம், அதற்கும் மேலே ஸ்ப்ரூஸ் மரம், 12,000 அடிக்கு மேலே மரமே இல்லாத புல்வெளி. வெயில் படும் தெற்குச் சரிவில் புல். மான் மேய வரும். வடக்குச் சரிவில் அடர்ந்த மரம், ஈரம், குளிர்ச்சி. பகலில் படுக்கப் போகும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் எங்கே, மலைமுகட்டில் தாழ்ந்த கணவாய் எங்கே என்று தெரிந்தால் மான் நடக்கிற தடம் தெரிந்துவிடும். இது தெரியாதவன் துப்பாக்கியோடு ஐந்து நாள் சும்மா நடந்துவிட்டு வருவான்.

இதைக் கேட்டபோது நம் ஊர் சோளகர், ஊராளிப் பெரியவர்கள் ஞாபகம்தான் வந்தது. எந்த ஓடையில் எந்த மாதம் யானை இறங்கும் என்று அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும்.

அடுத்தது காற்று. ஆகஸ்டில் இடம் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். சட்டைப் பையில் மாவு மாதிரி ஒரு பொடி வைத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தூவிப் பார்ப்பார். விடியற்காலையில் குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தை நோக்கி இறங்கும். வெயில் ஏறினால் சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும். சாயங்காலம் மறுபடி இறங்கும். நம் வாடை மான் மூக்குக்குப் போகாதபடி காலையில் மேலே இருக்கிற மானைக் கீழிருந்தும், வெயில் ஏறிய பிறகு கீழே இருக்கிற மானை மேலிருந்தும்தான் நெருங்க வேண்டும். நான் நாற்பது வருஷம் மலையடிவாரத்தில் இருக்கிறேன். ராத்திரி பரணில் படுத்தால் மேலிருந்து சிலுசிலு என்று காற்று இறங்குவது எனக்குத் தெரியும். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பன்றி எப்போதும் கீழ்க்காட்டுப் பக்கமிருந்தே ஏறி வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இறங்குகிற காற்றில் என் வாடை, நாயின் வாடை எல்லாம் அதற்கு முன்கூட்டியே போய்விடுகிறது. நான் காவல் இருந்தது பன்றிக்குத்தான் வசதி!

பொது நிலம்

அவர் வேட்டைக்குப் போன இடம் யாருடைய பட்டாவும் இல்லை. தேசியக் காடு கொஞ்சம், நில மேலாண்மைப் பணியகத்தின் நிலம் கொஞ்சம். இரண்டும் சேர்த்து அந்த நாட்டில் கிட்டத்தட்ட 44 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல் பதிமூன்று மடங்கு! அதில் எந்தக் குடிமகனும் நடக்கலாம், கூடாரம் போடலாம், சீட்டு இருந்தால் வேட்டையாடலாம். பெரியவரின் அண்ணன் கட்டணம் கட்டி அதே நிலத்தில் மாடு மேய்க்கிறார்.

நாங்கள் இருந்தபோதே, 2025 ஜூனில், இந்தப் பொது நிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் விற்றுவிடலாம் என்று அவர்கள் செனட்டில் ஒரு யோசனை வந்தது. பெரியவர் அன்றாடம் போன் போட்டுத் திட்டினார். மலை ஏறுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள் என்று கட்சி பார்க்காமல் கத்தினார்கள். அந்த மாதக் கடைசிக்குள் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு வழக்கும் சொன்னார். பக்கத்து வயோமிங் மாநிலத்தில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி இருக்கும். ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்த பொதுக் கட்டத்துக்கு மூலையில்தான் தாண்ட முடியும். நான்கு எல்க் வேட்டைக்காரர்கள் தனியார் மண்ணை மிதிக்காமல் ஏணி வைத்து மூலையைத் தாண்டினார்கள். நிலத்துக்காரர் வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாண்டியது சரிதான் என்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் நிலத்துக்காரரின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்தது 1885-ல் போட்ட ஒரு சட்டம்: பொது நிலத்தை யாரும் வேலி போட்டு அடைக்கக் கூடாது.

நாம் என்ன செய்தோம்? மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, ஓடைக்கரை, வண்டிப்பாதை எல்லாம் போனபோது எத்தனை பேர் கத்தினோம்? எங்கள் ஊரில் ஊருக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த மந்தை பத்து வருஷத்தில் பங்களாவாகவும் கம்பிவேலியாகவும் மாறியது. அந்த மந்தையில் மாடு மேய்ந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது, பன்றி வெளிச்சத்தில் தாண்டி வரப் பயந்தது. இப்போது காடு முடிகிற இடத்திலேயே என் சோளம் தொடங்குகிறது. பன்றி வந்ததில் என்ன ஆச்சரியம்?

ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் பொது நிலம் என்பதும் சுத்தமான வரலாறு இல்லை. அது யூட் மக்களின் பூமி. 1881-ல் அவர்களில் பெரும்பாலோரைப் பக்கத்து மாநிலத்துக்குத் துரத்திவிட்டார்கள். தெற்கே சான் வான் மலைப்பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்கும்போது வேட்டை உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்ததால், அங்கே யூட் மக்கள் இன்றும் தங்கள் சொந்த விதிப்படி வேட்டையாடுகிறார்கள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று காட்டு மக்களை வெளியே தள்ளுகிற பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கொம்புக் கணக்கு

இனி என் சண்டைக்கு வருகிறேன். பெரியவருக்கு வேண்டியது ஏதோ ஒரு மான் இல்லை. சுவரில் மாட்டுகிற மாதிரி பெரிய கொம்புக் கிடா வேண்டும். அதற்கு அங்கே ஓர் அளவு முறை இருக்கிறது. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கத்தின் முறை. கொம்பின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், சுற்றளவு, அகலம் எல்லாம் அங்குலத்தில் அளந்து கூட்டுவார்கள். இடது கொம்பு வலது கொம்புக்குச் சமமாக இல்லாவிட்டால் கழிவு! நம் மஞ்சள் மண்டியில் கழிவு போடுவது மாதிரியேதான். 360 வந்தால் பதிவேட்டில் பெயர் ஏறும்.

நான் மாப்பிள்ளை மூலமாகக் கேட்டேன்: "ஐயா, நாங்கள் நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைப்போம். சொத்தையைத்தான் சமைப்போம். நீங்கள் நல்லதைத் தேடித் தேடிச் சுடுகிறீர்களே, அப்புறம் விதைக்கு என்ன இருக்கும்?"

அவர் கோபப்படவில்லை. பெரிய கொம்பு என்றால் வயசான கிடா, அது பல வருஷம் குட்டி போட வைத்தாகிவிட்டது, இளசைச் சுடுவதைவிட அதுதான் நியாயம் என்றார். கொம்பு வம்சத்தால் மட்டும் வருவதில்லை, வயசாலும் தீனியாலும் வருகிறது என்றார். அவர் பகுதியில் ஒரு பக்கம் நான்கு கிளையாவது இருந்தால்தான் கிடாவைச் சுடலாம் என்ற விதியும் இளசைக் காப்பாற்றத்தான். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கனடாவில் ராம் மலை என்ற இடத்தில் காட்டுச் செம்மறிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து, பெரிய கொம்புக் கிடாக்களையே சுட்டு வந்ததில் தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு சிறுத்தது என்று 2003-ல் எழுதினார்கள். அதற்கு மறுப்பும் வந்தது, விவாதம் நடக்கிறது. விதை பொறுக்கிய கைக்கு எந்தப் பக்கம் நம்பிக்கை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. கொம்பை மட்டும் அளப்பது என்பது ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று மட்டும் அளந்த கதைதான். மூட்டையை மட்டும் அளந்தோம். வைக்கோல் போனது, மாடு போனது, மண்ணும் போனது. எதை அளக்கிறோமோ அதற்குத்தான் வாழ்வோம்.

ஆனால் வேட்டை நடந்த விதம் என் வாயைக் கொஞ்சம் அடைத்தது.

அந்த ஐந்து நாள்

அக்டோபர் நடுவில் வேட்டை. நான் அவர் அண்ணன் பண்ணையில் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் தேடிய கிடா தெரிந்துவிட்டது. பக்கத்துக்கு ஆறு கிளை. ஆனால் ஆழமான பள்ளத்துக்கு எதிர்ப்புறம். அவருக்கு 300 கெஜத்துக்கு மேல் சுட மாட்டேன் என்று ஒரு கட்டுப்பாடு. இது அதைப்போல் மூன்று மடங்கு தூரம். இருட்டுவதற்கு அரை மணி நேரம். காயம்பட்டு ஓடினால் ராத்திரியில் தேட முடியாது. விழுந்தாலும் அந்தப் பள்ளத்திலிருந்து கறியை வெளியே கொண்டுவர முடியாது. சுடவில்லை. மறுநாள் அது அங்கே இல்லை. ஆறு வருஷக் காத்திருப்பு!

அங்கே ஐந்து பேர் போனால் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது என்பது பொதுக் கணக்கு. வெறுங்கையோடு வருவதைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை.

கடைசி நாள் காலையில் பக்கத்துக்கு ஐந்து கிளை உள்ள ஒரு சாதாரணக் கிடா 150 கெஜத்தில் நின்றது. சுட்டார். சாலையிலிருந்து 3 கிலோமீட்டர். அங்கே கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு கறியை விட்டுவிட்டு வந்தால் கடுங்குற்றம், ஜெயில். எலும்பு நீக்கிய கறியே கிட்டத்தட்ட 100 கிலோ. நான்கு கால்களையும் துணிப் பையில் கட்டி நிழலில் காற்றாட மரத்தில் தொங்கவிட்டு, அண்ணன், அண்ணன் மகன், இவர் என்று மூன்று பேர் முதுகில் சுமந்து சாயங்காலம் வரை நடந்தார்கள். கொம்பு கடைசி நடையில்தான் வந்தது. "துப்பாக்கிக் குதிரையை இழுக்கிறதுக்கு முன்னாடி முதுகைக் கேட்டுக்கணும்" என்றார். திட்டத்தின் முக்கால்வாசி இந்தச் சுமைக் கணக்குதான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்காகத்தான் மாதக்கணக்கில் மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்.

குடலையும் எலும்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். காக்கைக்கும் கரடிக்கும் கழுகுக்கும் அது சாப்பாடு. அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு என்று நாம் சொல்வதுதான். பெரியவர் ஈயத் தோட்டா வைப்பதில்லை, செம்புத் தோட்டாதான். ஈயம் உடைந்து தூளாகிக் குடலில் கிடந்தால் அதைத் தின்கிற கழுகு விஷமேறிச் செத்துப்போகும். கலிபோர்னியா மாநிலம் 2019-லிருந்து வேட்டைக்கு ஈயத்தை அடியோடு தடை செய்திருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் நாம் பாறு கழுகுகளை இழந்த கதையை நானும் சொன்னேன். 2006-ல் தடை வந்தது. எங்கள் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியதுகள் இன்னும் கூடு கட்டுகின்றன என்றதும் அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

மகள் அந்தக் கறியில் மிளகு போட்டு வறுத்தாள். நல்ல கறி. ஆட்டுக்கறி மாதிரி கொழுப்பு இல்லை.

விவசாயிக்கு என்ன?

பண்ணையில் இருந்த நாட்களில் நான் அதிகம் பேசியது அண்ணனோடுதான். அவருக்கு எல்க் என்றால் நமக்குப் பன்றி. குளிர்காலத்தில் மலையிலிருந்து கூட்டமாக இறங்கி அவருடைய குதிரைமசால் போரைத் தின்றுவிடும். வேலியை மிதித்துப்போடும். "நீங்க சுடுவீங்களா?" என்றேன். சிரித்தார். அவர் செய்வது: துறைக்குத் தகவல் கொடுக்கிறார். போரைச் சுற்றி உயரமான வேலி போட மாநிலத்துறையே சாமான் கொடுக்கிறது. அப்படியும் நஷ்டம் வந்தால் சட்டப்படி மாநிலம் ஈடு கொடுக்க வேண்டும். அந்தக் காசு வேட்டைச் சீட்டுக் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆனால் தன் நிலத்தில் வேட்டைக்காரர்களைக் காரணமில்லாமல் தடுக்கிற நிலத்துக்காரருக்கு ஈடு இல்லை. உரிமையும் கடமையும் சேர்ந்தே இருக்கிறது.

ஓநாய் விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம். அந்த மாநிலத்தில் ஓநாயை 1940-களிலேயே ஒழித்துவிட்டார்கள். 2020-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, 2023 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். நகரத்துக்காரன் ஓட்டுப் போட்டான், கன்றுக்குட்டி என்னுடையது என்றார். ஈடு உண்டு, ஆனாலும் மனசு ஆறவில்லை. இந்த வார்த்தையை நான் தாளவாடிப் பக்கம் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

இங்கேதான் எனக்கு வித்தியாசமும் தெரிந்தது. ஓநாயை ஒழித்த பூமியில் மனுஷன் ஓநாய் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. நம் காட்டில் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. பன்றியும் மானும் அதுகளுடைய சாப்பாடு. இன்னொன்று, அங்கே ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தாக்கில் குண்டு தவறினால் மண்ணில் புதையும். நம் ஊரில் இருநூறு அடிக்கு ஒரு சாளை, ஓர் ஆடு மேய்க்கிற பாட்டி. அதனால் ஆளுக்கொரு துப்பாக்கி கேட்கிற நண்பர்களோடு நான் உடன்படவில்லை.

என் கருத்து

2025 ஜனவரியில் நம் அரசு ஒரு முறை சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையே சுடலாம். என் பூமி காப்புக்காட்டிலிருந்து அரை கிலோமீட்டர். எனக்கு அதில் ஒன்றுமில்லை. நஷ்டஈடு மனு கொடுத்துப் பதினோரு மாதம் அலைந்ததுதான் மிச்சம். அப்படியிருந்தும் சுடுவதைக் கேட்பதைவிட நாம் கேட்க வேண்டியவை வேறு என்று நினைக்கிறேன்.

ஒன்று, எண்ணச் சொல்லுவோம். எந்தச் சரகத்தில் எத்தனை பன்றி, எந்த மாதம் எந்த ஊரில் எவ்வளவு சேதம் என்று வருஷாவருஷம் ஊர்ச்சபையில் படிக்கட்டும். சேதக் கணக்கை நாமே இன்றைக்கே நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கலாம். எண்ணாமல் போடுகிற திட்டம் கண்ணை மூடிச் சுடுவது மாதிரி.

இரண்டு, ஈடு என்பது பிச்சை இல்லை. நாள் குறித்து, சந்தை விலைக்கு, பட்டா இல்லாத குத்தகை விவசாயிக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். காசுக்கு எங்கே போவது என்றால், காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிற தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு வரி போட்டு அந்த நிதியைத் தனியாக வைக்கட்டும். 1937-ல் அவர்கள் துப்பாக்கிக்குப் போட்ட மாதிரி.

மூன்று, மிஞ்சியிருக்கும் மேய்ச்சல் நிலத்தை மீட்போம். காட்டுக்குள் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் புல்லை மூடிக் கிடக்கின்றன. அதை அகற்றுகிற வேலையைக் காட்டோர மக்களுக்கே கூலி கொடுத்துக் கொடுக்கட்டும். உள்ளே தீனி இருந்தால் வெளியே வருவது குறையும்.

நான்கு, நமக்கு. கள்ள மின்கம்பி, அவுட்டுக்காய், சுருக்கு மூன்றையும் நம் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி நிறுத்துவோம். அந்தப் பெரியவர் கண்ணுக்கு முன்னால் நின்ற கிடாவை, காயத்தோடு தப்பிவிடுமோ என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டார். ராத்திரி கம்பியில் மாட்டுவது பன்றியா, யானையா, பக்கத்துத் தோட்டத்து ஆளா என்று பார்க்காமல் தூங்கப் போகிறவர்கள் நாம். அவரைக் கொலைகாரர் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கொம்பை அளக்கிற பழக்கம் அவர்களோடு இருக்கட்டும். எண்ணிப் பார்ப்பதும், காத்திருப்பதும், வெறுங்கையோடு திரும்பப் பழகுவதும், பொது நிலத்துக்காகக் கத்துவதும் நமக்கு வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாளே கம்பியை எடுத்தேன். பாதியில் பந்தல் போட்டுப் புடலை ஏற்றியிருக்கிறேன். மீதியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். இந்த வருஷ மக்காச்சோளத்துக்குக் காவல் கொட்டாயைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். பன்றி வரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு முறை வந்தது, ஒரு ஐந்து சென்ட் போனது. தேதி, நேரம், எத்தனை உருப்படி, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.